கவிதாவை அங்கே கவிதோ என்பார்கள்

சனிக்கிழமை உம்முடைய சமையலறையில் நின்று போத்தல்களைப் பெட்டிகளில் அடுக்கினேன். பிக்கரிங் வீட்டை விற்றாயிற்று. நான் அண்ணை என்று கூப்பிடும் உம்முடைய கணவர் அடுத்த மாதம் ஸ்காபரோவில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். "தங்கச்சி, ஒருக்கா வந்து சாமான் பிரிச்சுத் தாரும். எதை வைக்கிறது எதை எறியிறது எண்டு எனக்குப் பிடிபடேல்லை" என்று ரெலிபோனில் கூப்பிட்டார். போனேன். அடுப்புக்கு மேலே இருக்கும் அலுமாரியைத் திறந்ததும் உம்முடைய கையெழுத்து தெரிந்தது. மஞ்சள் கடதாசித் துண்டுகளில் பெரிய பெரிய எழுத்துகள், மேலே ஒட்டுநாடா. ரீஷ், மோகா, சாய், ஸ்லட்கோர், சொல். ஸ்லோவேனிய மொழியில் அரிசி, மா, தேயிலை, சீனி, உப்பு.

"உதுகளிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு இண்டுவரைக்கும் தெரியாது. ஒவ்வொண்டாத் திறந்து பாத்துத்தான் சமைக்கிறன்" என்றார் அண்ணை. நீர் போய் ஒன்றரை வருடம். அவ்வளவு காலமும் அப்படித்தான் சமைத்திருக்கிறார். துண்டுகளைக் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை.

உப்புப் போத்தலை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். உமக்கு எழுதவேண்டும் என்று அதன் பிறகுதான் தோன்றியது. உம்மிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதைச் சொல்வதென்றால் தொடக்கத்தில் இருந்து வரவேண்டும்.

நாங்கள் பழகியது முழுவதும் ரயிலில். பிக்கரிங்கில் ஏறி ரொறன்ரோ யூனியனில் இறங்குவதற்கு முக்கால் மணித்தியாலம் சொச்சம். மேல்தட்டில் பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் கீழ்த்தட்டில், ஏரிப் பக்கமாக இருந்தோம். நீர் ஒரு வைத்தியசாலையின் ஆவணப் பிரிவில் வேலை, நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில். என்னைவிட உமக்கு இரண்டு வயது கூட, ஆனாலும் முதல் நாளே ஆளுக்காள் 'நீர்' என்று தொடங்கிவிட்டோம். ஆறு வருடமாக அதை மாற்றவில்லை.

உம்முடைய மகள் கவிதாவைப் பற்றி நீர் அதிகம் பேசியதில்லை. பொறியியல் படித்தவள், மேற்படிப்புக்கென்று ஒரு வருடம் ஸ்லோவேனியாவுக்குப் போனவள், அங்கேயே ஒருவனைச் சந்தித்துக் கலியாண எழுத்தையும் முடித்துவிட்டுப் படம் அனுப்பினவள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். படம் வந்த நாளில் இருந்து நீர் அவளோடு பேசவில்லை. மார்கழி வந்தபோது பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவள் அனுப்பும் செய்திகளை நீர் ரயிலில் வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரியும் விடாமல் வாசித்துவிட்டு, ஃபோனைக் கைப்பையில் போட்டு, சிப்பை இழுத்து மூடுவீர்.

"ஏதாவது ஒரு சொல் போடும்" என்று ஒருமுறை சொன்னேன்.

"கேட்டுச் செய்திருந்தா நானும் சொல்லியிருப்பன்" என்றீர்.

மார்கழி மாதம், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, ஒரு காலை. றூஜ் ஹில் நிலையம் தாண்டியதும் கைப்பையில் இருந்து ஒரு வாழ்த்து மடலை எடுத்து என் மடியில் போட்டீர். பனி மூடிய மலையின் படம். உள்ளே சரிந்த கையெழுத்தில் இரண்டு வரி. மாப்பிள்ளையின் தாய் அனுப்பியது.

"பாரும். பேரை மாத்திப் போட்டினம்."

உம்முடைய விரல் நின்ற இடத்தில் 'கவிதோ' என்று இருந்தது. கையெழுத்து விளங்கவில்லை என்று சந்தேகப்படவும் வழியில்லை. கடைசி எழுத்து நல்ல வட்டமான 'ஓ'.

"எழுத்துப் பிழையா இருக்கும்."

"அதென்ன பிழை? வருசம் முடியேல்லை, அதுக்குள்ளை பிள்ளையின்ரை பேரை எடுத்துப் போட்டினம். நாளைக்கு என்னத்தை எடுப்பினமோ?"

நான் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக ஃபோனில் அடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். 'நாங்கள் கவிதோவை மிகவும் நேசிக்கிறோம்' என்று வந்தது. உமக்கு அது இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது. "பாத்தீரே, ஃபோனும் கவிதோ எண்டுதான் சொல்லுது" என்று மடலைப் பிடுங்கி வைத்துவிட்டீர்.

அந்தக் கிழமைதான் நான் நூலகத்தில் அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். ஸ்லோவேனியாவுக்குப் போகும் பயணிகளுக்கும் மொழியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கும் என்று அட்டையில் இருந்தது. உமக்கு உதவவேண்டும் என்று எடுத்ததாகச் சொன்னால் அது முழு உண்மையில்லை. அந்த 'ஓ' எனக்கு ஒரு உறுத்தலாக இருந்தது. காப்புறுதி விண்ணப்பங்களில் ஒரு எழுத்து மாறினாலும் ஏன் என்று கேட்பதுதான் என் வேலை.

முதல் இரண்டு நாளும் நீர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நான் வாசித்துச் சொல்ல, நீர் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இருபது லட்சம் பேர் மட்டில்தான் என்றேன். "ரொறன்ரோவிலை இருக்கிற சனத்திலும் குறைவு" என்றீர். எழுத்துகள் இருபத்தைந்து. அவற்றில் மூன்றின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும், அதற்குச் சின்னக் கூரை என்று பெயர் என்றேன். கூரை ஏறினால் 'ட்ஸ' என்பது 'ச' ஆகும், 'ஸ' என்பது 'ஷ' ஆகும். "எங்கடை எழுத்துக்குக் கொம்பு, அவையின்ரைக்குக் கூரை" என்றீர். பிறகு, ஜே என்ற எழுத்தை 'ய' என்று படிக்கவேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தீர்.

"அப்ப மாப்பிள்ளையின்ரை பேர் ஜான் இல்லையோ?"

"யான்."

பதினொரு மாதமாக மனத்துக்குள் ஜான் என்று திட்டிக்கொண்டிருந்த ஒருவனின் பெயர் அதுவல்ல என்பது உம்மைச் சற்று ஆட்டிவிட்டது. "யான் எண்டா நான் எல்லோ. அவனைக் கூப்பிட்டா என்னையே கூப்பிடுற மாதிரிக் கிடக்கும்" என்று சொல்லிச் சிரித்தீர். அந்தக் கலியாணத்தைப் பற்றிய பேச்சில் நீர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான் முதல்முறை.

மூன்றாம் நாள் வேற்றுமைப் பக்கத்துக்கு வந்தேன். நமக்கு எட்டு, அவர்களுக்கு ஆறு. 'லிப்பா' என்ற மரத்தின் பெயரை வைத்து ஒரு அட்டவணை போட்டிருந்தது. மரம் இருக்கிறது என்றால் லிப்பா. மரத்தைப் பார்க்கிறேன் என்றால் லிப்போ. நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு புத்தகத்தை உம்முடைய பக்கம் திருப்பினேன்.

"இஞ்சை பாரும். 'ஆ'விலை முடியிற பெயர் எல்லாம் 'ஓ' ஆகுது. எங்கடை 'ஐ' உருபு மாதிரி. கவிதாவை எண்டு நாங்கள் சொல்லுறேல்லையே? அதுதான் கவிதோ."

வண்டி கில்ட்வூட்டில் நின்று புறப்பட்டது. எக்ளிண்டனில் நின்றது. நீர் மடலை எடுத்து மடியில் விரித்து வைத்திருந்தீர்.

"அப்ப பேர் மாத்தேல்லை."

"இல்லை."

"மிச்சத்தைச் சொல்லும்."

"இமாமோ எண்டால் வைச்சிருக்கிறம். ராடி எண்டால் விருப்பமா. ஸேலோ எண்டால் நல்லா. கவிதாவை நல்லா விருப்பமா வைச்சிருக்கிறம்."

"நல்லா வைச்சிருக்கினமோ?" என்று கேட்டீர்.

ஃபோன் சொன்ன 'நேசிக்கிறோம்' உம்மை அசைக்கவில்லை. 'வைச்சிருக்கினம்' அசைத்தது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதானே நம்மவர் விசாரிப்பது. யூனியனில் இறங்கும்போது புத்தகத்தை நீர் எடுத்துக்கொண்டீர். "நாளைக்குத் தாறன்" என்றீர். தரவில்லை. நூலகத்தில் நான்தான் திரும்பத் திரும்பத் தவணை நீட்டினேன்.

அதன் பிறகு காலையில் நீர் வாசிப்பீர், நான் எழுதுவேன். நீர் வாய்விட்டு வாசிப்பீர், எதிரே இருப்பவர்கள் பார்த்தாலும் நிறுத்தமாட்டீர். இரண்டு பேருக்கென்று அந்த மொழியில் தனி இலக்கணம் இருக்கிறது என்பதைக் கண்டு உமக்கு எரிச்சல். ஒன்று, இரண்டு, பல என்று மூன்று வகை. "ரெண்டு பேர் எண்டாலும் நாங்கள்தானே, உதென்ன தேவையில்லாத வேலை" என்றீர். ஆனால் மாப்பிள்ளையின் தாய் மாய்டா பிறகு எழுதிய மடல்களில் கவிதாவும் யானும் வரும் இடமெல்லாம் அந்த இருமைதான் வந்தது. 'இரண்டு பேரும் சமைத்தார்கள், இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள்.' அதற்குப் பிறகு குறை சொல்வதை விட்டுவிட்டீர்.

நீர் மாய்டாவுக்கு எழுதிய முதல் பதிலுக்கு நமக்கு மூன்று கிழமை பிடித்தது. மடலுக்கு நன்றி, நான் கவிதாவின் அம்மா, ஸ்லோவேனிய மொழி படிக்கிறேன். மூன்றே வசனம். மாய்டாவை எப்படி விளிப்பது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. அங்கே 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு, 'நீர்' இல்லை. "அப்ப உம்மை நான் அங்கை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டீர். மாய்டாவுக்கு 'நீங்கள்' என்று முடிவாயிற்று.

அன்றைக்குத்தான் நான் திரும்பவும் வாயைத் திறந்தேன். "சம்பந்திக்குப் புது மொழியிலை எழுதுறீர். பெத்த பிள்ளைக்குத் தெரிஞ்ச மொழியிலை ஒரு ஹலோ இல்லை."

மறுநாள் வேறு பெட்டியில் ஏறினீர். அடுத்த நாளும். ஒரு கிழமை நான் தனியே இருந்து ஏரியைப் பார்த்தேன். எட்டாம் நாள் நான்தான் பெட்டி பெட்டியாக நடந்து வந்து உம்முடைய பக்கத்தில் இருந்தேன். "கோவமோ?" என்று கேட்டேன். "நீர் கேட்டீர், அது போதும்" என்றீர். புத்தகம் உம்முடைய கையில் விரிந்தபடி இருந்தது.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று கவிதா உம்மைக் கூப்பிட்டாள். ஸ்காபரோ நிலையத்தில் வண்டி நின்றிருந்தது. நீர் ஃபோனை எடுத்தீர். "அம்மா, மாய்டா லெட்டரைக் கொண்டுவந்து காட்டினவ. ஹௌ டிட் யூ டூ திஸ்?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. நீர் சொன்ன முதல் சொல், "சாப்பிட்டியா?" நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன்.

அதற்கு அடுத்த வருடம் முழுவதும் நல்லபடி போயிற்று. அடுத்த மே மாதம் அங்கே போக ரிக்கெற் போட்டீர். போத்தல்களில் துண்டு ஒட்டியது அப்போதுதான். உப்புப் போத்தலைக் காட்டி, "உப்புக்குச் சொல் எண்டு எழுதுறாங்கள். ரெண்டும் அளவா இருந்தாத்தான் நல்லம்" என்றீர். கார்த்திகையில் முதுகு நோகிறது என்றீர். கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவரும்போது தை பிறந்துவிட்டது. அந்த மாதமே கவிதா வயிற்றில் பிள்ளை என்று சொன்னாள்.

வைத்தியசாலையில் நீர் என்னிடம் பேனையும் கடதாசியும் கேட்டீர். கவிதா வருவதற்கு முதல் நாள். மாய்டாவுடன் தனியே பேசவேண்டும், மகளுக்குத் தெரியக்கூடாது, அண்ணைக்கும் வேண்டாம் என்றீர். தமிழில் நீர் சொல்ல, நான் புத்தகத்தையும் ஃபோனையும் வைத்து வசனம் ஆக்கினேன்.

"கவிதாவுக்குக் கோவம் வந்தாப் பேசமாட்டாள். என்னைப் போல. பிழை அவளிலை எண்டாலும் முதல் நீங்கள் கேக்கவேணும். கேட்டா எல்லாம் சொல்லுவாள்."

'என்னைப் போல' என்பதற்கு 'கொத் யாஸ்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லையும் நீர் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தீர்.

காலை பத்து மணி, அங்கே பின்னேரம் நான்கு. ஃபோனை நான் பிடித்தேன். மாய்டாவின் முகம் வந்தது. குட்டை நரைமயிர், கண்ணாடி. நீர் கடதாசியைப் பார்த்து முழுவதையும் வாசித்தீர். மூச்சு இடையில் இரண்டு தரம் நின்றது. முடித்ததும் மாய்டா கொஞ்சம் முன்னே சாய்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார்: "ப்ரோசிம்?"

நீர் தலையணையில் சாய்ந்தீர். "பாத்தீரே, அவவுக்கு விளங்கிட்டுது. பரவாயில்லை எண்டு சொல்லுறா" என்றீர்.

"ஓம்" என்றேன்.

இதைத்தான் உம்மிடம் மறைத்தேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. தயவுசெய்து என்பதற்கும் ப்ரோசிம், நன்றி சொன்னால் பரவாயில்லை என்பதற்கும் ப்ரோசிம். ஒருவர் சொன்னது விளங்காமல் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்பதற்கும் ப்ரோசிம்தான். மாய்டா இழுத்து, குரலை உயர்த்தி, கேள்வியாகச் சொன்னார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அது அந்த நொடியே தெரிந்தது. இன்னொரு தரம் வாசியும் என்று நான் சொல்லியிருக்கலாம். கடதாசியை நானே வாசித்திருக்கலாம். நீர் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர், முகம் தெளிவாக இருந்தது. நான் மாய்டாவுக்குக் கையசைத்து ஃபோனை அணைத்தேன். மறுநாள் கவிதா வந்தாள். ஒன்பது நாள் உம்மோடு இருந்தாள். பிறகு நீர் இல்லை. கடதாசி என் கைப்பையில் இருந்தது.

அதை ஃபோனில் படம் பிடித்து அனுப்பியிருக்கலாம் என்று நீர் நினைப்பீர். நானும் நினைத்தேன். ஆனால் அது கையில் கொடுக்கவேண்டிய கடதாசி என்று பட்டது. பயமும் இருந்தது. இந்த வைகாசியில்தான் கொடுத்தேன். பேத்தியைப் பார்க்க அண்ணையைத் தனியே வரவிடக் கவிதாவுக்கு மனமில்லை, அதனால் நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு போனோம். உம்முடைய பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம்.

ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவில் அவர்கள் எல்லோரும் ஒரே கட்டடம். கவிதாவும் யானும் மேலே, மாய்டா கீழே. போய் இறங்கிய அன்றே வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கவிதா எங்களோடு நன்றாகப் பேசினாள். மாய்டா வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். மூன்றாம் நாள் யான்தான் காரணத்தைச் சொன்னான். பிள்ளை படுத்திருந்த அறையில் கவிதா இரண்டு பக்க யன்னலையும் திறந்து வைத்திருக்கிறாள். மாய்டா வந்து மூடியிருக்கிறார். வீட்டுக்குள் குறுக்கே ஓடும் காற்றை அங்கே ப்ரெப்பிஹ் என்கிறார்கள், அது பட்டால் காய்ச்சல் வருத்தம் வரும் என்று பெரிய பயம். 'என் பிள்ளையை எனக்குப் பார்க்கத் தெரியும்' என்று கவிதா சொல்லியிருக்கிறாள். அதோடு பேச்சு நின்று பத்து நாள்.

அன்று மத்தியானம் நான் கீழே போனேன். மாய்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வசனங்களை எல்லாம் வழியிலேயே மறந்துவிட்டேன். "இது கவிதாவின் அம்மாவிடம் இருந்து" என்று மட்டும் சொல்லிக் கடதாசியை நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அன்று ஃபோனில் தனக்கு 'யாஸ்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டதாம். 'நான், நான்' என்று நீர் உம்மை அறிமுகப்படுத்துவதாக நினைத்தாராம். திருப்பிக் கேட்டாராம், அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டதாம்.

நான் தலையை ஆட்டினேன். அறுத்தது நான் என்று சொல்ல எனக்கு அந்த மொழியில் வசனம் இருந்தது. சொல்லவில்லை.

அவர் ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டார். படியேறி மேலே போனார். கதவு தட்டும் சத்தமும், "என்ன, கவிதா?" என்று அவர் கேட்டதும் எனக்குக் கீழே கேட்டன. திரும்பவும் கேட்டார். பிறகு கதவு திறந்தது. அதற்குப் பின் இருவரும் பேசியது வேகமாக இருந்தது, எனக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் விளங்கவில்லை. ஒரு இடத்தில் கவிதா சத்தம் போட்டாள். ஒரு இடத்தில் அழுதாள். நான் மாய்டாவின் உருளைக்கிழங்கை எடுத்து மிச்சத்தைச் சீவினேன்.

பின்னேரம் கவிதா பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு என்னோடு ஆற்றங்கரைக்கு வந்தாள். கடதாசியை மாய்டா அவளிடம் காட்டிவிட்டார்.

"அன்ரி, அம்மா என்னட்டை ஒருநாளும் முதல் வந்து கேட்டதில்லை. நெவர்."

"ஓம். அது அவவுக்கும் தெரியும்."

அவள் கொஞ்ச தூரம் வண்டிலைத் தள்ளினாள். கரையோரக் கடை ஒன்றில் நான் இரண்டு கோப்பி கேட்டு, வாங்கி, நன்றி சொன்னேன். 'ஹ்வாலா' என்பது அங்கே மூச்சோடு வரும் ஒரு சின்னச் சொல். நான் அதை இரண்டாக உடைத்து, 'கு' என்று தொடங்கி, 'லா'வை நீட்டிச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். கவிதா வண்டிலை நிறுத்திவிட்டாள்.

"அன்ரி, திருப்பிச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"அந்த ஹ்வாலாவை. அம்மா ஃபோனிலை அப்பிடித்தான் சொல்லுவா. அச்சொட்டா அப்பிடியே."

எனக்கு அது அதுவரை தெரியாது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்? அந்த மொழியை நான் முதலில் கேட்டது உம்முடைய வாயால்தான், பிக்கரிங்குக்கும் யூனியனுக்கும் இடையில். நீர் அழுத்திய இடத்தில் நானும் அழுத்துகிறேன், நீர் விழுங்கிய எழுத்தை நானும் விழுங்குகிறேன். கவிதாவுக்காக அந்த ஆற்றங்கரையில் நின்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

இப்போதும் காலை வண்டியில் படிக்கிறேன். ஃபோனில் ஒரு செயலி இருக்கிறது, நான் ஒரு வசனம் சொன்னால் உச்சரிப்புப் பிழையான சொற்களைச் சிவப்பில் காட்டும். பாதிக்கு மேல் சிவப்புத்தான். திரும்ப முயற்சி செய் என்று கேட்கும். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.